டை அறுகிறது, டிரான்ஸ்போஸ் தப்புகிறது: ஸ்டெப் சீக்வென்சரை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஸ்டெப் சீக்வென்சர் என்பது நோட்டுகளை ஸ்டெப் என்ற சம இடங்களில் வரிசையாக வைத்து சிந்தை (சிந்தசைசரை) வாசிக்கவைக்கும் கருவி. அதில் டை ஒரு நோட்டை அடுத்த ஸ்டெப்புக்கு நீட்டும், டிரான்ஸ்போஸ் எல்லா நோட்டையும் ஒரே அளவு ஏற்றும் அல்லது இறக்கும். டை, டிரான்ஸ்போஸ் இரண்டும் தனித்தனியாக ஒழுங்காகத்தான் வேலை செய்யும். ஒன்றாகச் சேரும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. பேஸ் லைன் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் 5 செமிடோன் (அரைச்சுருதி) மேலே தூக்குவீர்கள், ஒரு நோட் மட்டும் பழைய சுருதியிலேயே அடம்பிடித்து நிற்கும். உடனே கை மெனுவுக்குப் போகும். அதற்கு முன்னால் கம்பிக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொண்டால், கீழே உள்ள பாதிக் கோளாறுகளை மெனுவைத் தொடாமலே கண்டுபிடித்துவிடலாம்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழிதான் மிடி, அதில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் எண் உண்டு. மிடியில் "இந்த நோட் இவ்வளவு நீளம்" என்று சொல்லும் செய்தியே கிடையாது. "48-ஆம் நோட் ஆரம்பி" என்று ஒன்று போகும். பிறகு "48-ஆம் நோட் நிறுத்து" என்று இன்னொன்று போகும். நடுவில் இருக்கும் நேரம்தான் நீளம். 120 பிபிஎம் வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு ஸ்டெப் என்பது 125 மில்லிசெகண்ட். கேட் (ஸ்டெப்பில் நோட் ஒலிக்கும் பங்கு) 50 சதவீதம் என்றால் சுமார் 62 மில்லிசெகண்டில் நோட் ஆஃப், அதாவது அந்த நிறுத்தும் செய்தி, போய்விடும். டை போட்டால் அந்த நோட் ஆஃப் அப்போது போகாது, அடுத்த ஸ்டெப்பின் முடிவுக்குத் தள்ளிப்போகும். டிரான்ஸ்போஸ் என்பது நோட் எண்ணை அனுப்பும் முன் கூட்டுவது அல்லது கழிப்பது. ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நோட் ஆஃப் எப்போது போனது, எந்த எண்ணுக்குப் போனது?

சோதிக்க ஒரு பேட்டர்ன் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஸ்டெப் போதும். முதல் ஸ்டெப்பில் 48, இரண்டிலும் மூன்றிலும் டை, நான்கில் ரெஸ்ட் (மௌனம்), ஐந்தில் மறுபடி 48, ஆறில் 55 (ஐந்திலிருந்து டை மூலம் இணைத்தது), ஏழும் எட்டும் ரெஸ்ட். சிந்தில் ஆர்கன் மாதிரி ஓர் ஒலியை வையுங்கள்: அட்டாக் (ஒலி எழும் நேரம்) பூஜ்யம், சஸ்டெயின் (நோட்டைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) முழுசு, ரிலீஸ் (விட்டபின் அடங்கும் நேரம்) குறைவு, டிலே ரிவெர்ப் எதுவும் வேண்டாம். எக்கோ ஓடும் ஒலியில் டையைச் சோதிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிற வேலை.

டை போட்ட இடத்தில் நோட் மறுபடி தட்டுகிறது

சோதனை பேட்டர்னில் எந்த இடத்தில் தட்டுகிறது என்று முதலில் கவனியுங்கள். 1, 2, 3-இலா, அல்லது 5-இலிருந்து 6-க்குப் போகும்போதா? இரண்டும் வெவ்வேறு நோய்.

ஒரே நோட் நீளும் 1, 2, 3-இல் தட்டினால், பெரும்பாலும் அங்கே டையே இல்லை. இரண்டாவது ஸ்டெப்பிலும் 48 என்று நோட்டைப் பதிவு செய்து, கேட்டை 100 சதவீதத்துக்குத் திருகியிருப்பீர்கள். பார்க்க டை மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் புது நோட் ஆன் போகும். 100 சதவீத கேட்டும் டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். சில கருவிகளில் கேட் குமிழை வலக்கோடிக்குத் திருப்பினால், 99-க்கு அப்புறம் திரையில் எண்ணுக்குப் பதில் டை என்று காட்டும். அந்தக் கடைசி ஒரு கிளிக்கில்தான் விஷயமே இருக்கிறது.

இன்னொரு சாத்தியம், டையை ஒரு ஸ்டெப் தள்ளிப் போட்டிருப்பது. டை என்பது "எனக்கு முந்தையதோடு என்னை ஒட்டு" என்று சில கருவிகளில் அர்த்தம், வேறு சிலவற்றில் "எனக்கு அடுத்ததோடு என்னை ஒட்டு". ரோலண்டின் டிபி-303 பேஸ் சிந்த் வழியில் வந்த கருவிகளில் டை பின்னால் வரும் ஸ்டெப்பில் உட்காரும், ஆனால் ஸ்லைடு (ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) கிளம்பும் ஸ்டெப்பில் உட்காரும். ஒரே பெட்டியிலேயே இரண்டு திசை! சந்தேகமாக இருந்தால் டையை ஒரு ஸ்டெப் முன்னே நகர்த்திக் கேட்டுப்பாருங்கள், பத்து விநாடி வேலை.

5-இலிருந்து 6-க்குப் போகும்போது தட்டினால் சீக்வென்சரை விட்டுவிட்டு சிந்தைப் பாருங்கள். சுருதி மாறும் டையில் புது நோட் ஆன் போயே ஆக வேண்டும், வேறு வழியில்லை. சீக்வென்சர் செய்யக்கூடியது, 55 ஆரம்பி என்பதை முதலில் அனுப்பிவிட்டு, 48 நிறுத்து என்பதைப் பின்னால் அனுப்புவது. பழைய ஐந்து பின் மிடி கம்பியில் ஒரு செய்தி போக சுமார் ஒரு மில்லிசெகண்ட் ஆகும். அந்த இம்மி அளவு மேல்விழுதல்தான் "இது லெகாட்டோ", அதாவது நோட்டுகள் இடைவெளியின்றி ஒட்டி வருகின்றன, என்பதற்கான அடையாளம். அதைப் புரிந்துகொள்ள சிந்த் மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே குரல்) இருக்க வேண்டும், கூடவே லெகாட்டோவிலும் இருக்க வேண்டும். பாலி முறையில் (பல குரல்கள்) வைத்தால் இரண்டு குரல்கள் தனித்தனியாகத் தட்டும். மோனோவில் வைத்தும் தட்டினால் என்வெலப்பின் (ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தின்) டிரிகர் முறையைத் தேடுங்கள். 1982-இல் வந்த ரோலண்டின் எஸ்எச்-101 சிந்தில் இதற்கென்றே முன்பலகையில் ஒரு சுவிட்ச் உண்டு: கேட் பிளஸ் டிரிக் என்று வைத்தால் ஒவ்வொரு நோட்டுக்கும் என்வெலப் புதிதாகத் தொடங்கும், கேட் என்று மட்டும் வைத்தால் ஒட்டிய நோட்டுகளில் தொடங்காது. இப்போதைய சிந்துகளில் அதே சுவிட்ச் மூன்றாம் பக்க மெனுவில் ஒளிந்திருக்கும்.

சிலர் டை சரியாக இருந்தும் டை போட்ட ஸ்டெப்பில் ஆக்சென்ட் (கூடுதல் அழுத்தம்) வரவில்லை என்பார்கள். ஒரே சுருதி டை என்றால் வராதுதான். ஆக்சென்ட்டைச் சொல்லும் வெலாசிட்டி (எவ்வளவு பலமாகத் தட்டுவது என்ற எண்) நோட் ஆனோடு சேர்ந்து போவது. நோட் ஆன் இல்லாத ஸ்டெப்பில் அதைச் சுமந்து செல்ல ஆள் இல்லை.

டை இருக்கிறது, ஆனால் ஒலி பாதியில் அடங்குகிறது

சஸ்டெயின் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ் ஒலிகளில் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள், டிகே (உச்சத்திலிருந்து இறங்கும் நேரம்) முடிந்ததும் ஒலி போய்விடும். நோட் ஆஃப் எத்தனை நேரம் கழித்து வந்தாலும் பிடித்துவைக்க எதுவும் மிச்சமிருக்காது. ஒன் ஷாட் சாம்பிளும் (ஒரு தடவை மட்டும் ஓடும் ஒலிப்பதிவு) இதே கதை: சாம்பிள் முடிந்தால் முடிந்தது, டை அதை நீட்டாது.

ஆர்கன் ஒலியிலும் அடங்குகிறது என்றால் இரட்டை நோட் ஆன் இருக்கலாம். 48 ஆன், அது முடியும் முன் இன்னொரு 48 ஆன், பிறகு முதலாவதுக்கான 48 ஆஃப். எந்த 48-ஐ நிறுத்தச் சொன்னது என்று சிந்துக்குத் தெரியாது, கையிலிருப்பதை நிறுத்திவிடும். ஒரே சேனலில் இரண்டு டிராக்குகள் ஒரே நோட்டைத் தொட்டாலும் இதுதான் நடக்கும். ஒரு டிராக்கை மியூட் செய்து பாருங்கள், அடங்குவது நின்றால் சேனலைப் பிரித்துவிடுங்கள்.

தலை ஸ்டெப்பில் (டை கிளம்பும் நோட் உள்ள ஸ்டெப்பில்) பிராபபிலிட்டி, அதாவது சில சுற்றுகளில் மட்டும் ஒலிக்கும் வாய்ப்பு, போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தலை ஒலிக்காத சுற்றில் பின்னால் வரும் டைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

டிரான்ஸ்போஸ் செய்ததும் ஒரு நோட் நிற்காமல் இழுக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் கோளாறு, நின்று பார்க்கத் தகுந்ததும் இதுதான். சோதனை பேட்டர்னை ஓடவிட்டு, இரண்டாவது ஸ்டெப் விளக்கு எரியும்போது +5 கொடுங்கள். அந்த நேரத்தில் 48 டையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது ஸ்டெப் முடிகிறது, சீக்வென்சர் நோட் ஆஃப் அனுப்ப வேண்டும். எந்த எண்ணுக்கு? நன்றாக எழுதிய மென்பொருள், தான் உண்மையில் அனுப்பியது 48 என்று நினைவில் வைத்திருந்து 48-ஐ நிறுத்தும். சோம்பேறி மென்பொருள் அந்தக் கணத்தில் கணக்குப் போடும்: பேட்டர்னில் 48, டிரான்ஸ்போஸ் 5, ஆக 53-ஐ நிறுத்து. 53 ஒலிக்கவே இல்லை. 48-ஐ நிறுத்த இனி யாரும் வரமாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு மிடி மானிட்டர் மென்பொருளைத் திறந்து சீக்வென்சரை அதில் சொருகினால் இது அப்படியே வரிவரியாகத் தெரியும். ஆன் 48, கொஞ்சம் இடைவெளி, ஆஃப் 53. ஆன் வரிகளையும் ஆஃப் வரிகளையும் ஜோடி சேர்த்துப் பாருங்கள், ஜோடியில்லாத ஆன்தான் உங்களை இழுத்துக்கொண்டிருக்கும் நோட். வெலாசிட்டி 0 உள்ள நோட் ஆனும் நோட் ஆஃப்தான், பல கருவிகள் அப்படித்தான் அனுப்பும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான் இதில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்திருக்கிறேன். கம்பியை மாற்றினேன், சிந்தை மாற்றினேன், மின்சார அடாப்டரைக்கூட மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பேட்டர்ன் முடியும் நேரத்துக்குத்தான் என் விரல் தானாக டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகிறது, அதன் கடைசி இரண்டு ஸ்டெப்புகளிலும் டை. ஒவ்வொரு தடவையும் மிகச் சரியாகத் தப்பான இடத்திலேயே அழுத்தியிருக்கிறேன்.

சரி, மருந்து என்ன? கருவியின் மென்பொருளுக்குப் புது பதிப்பு வந்திருந்தால் ஏற்றுங்கள், இந்த வகைப் பிழை திருத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் டிரான்ஸ்போஸ் எப்போது அமலாகும் என்ற அமைப்பைத் தேடி, உடனே என்பதிலிருந்து அடுத்த பேட்டர்ன் தொடக்கம் என்பதற்கு மாற்றுங்கள். அதோடு பேட்டர்னின் கடைசி ஸ்டெப்பை டை இல்லாமல் விடுங்கள், ரெஸ்ட்டாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லா நோட்டும் முடிந்த கணத்தில் சுருதி மாறினால் தொங்குவதற்கு எதுவும் இருக்காது. அந்த அமைப்பே இல்லாத கருவியா? ரெஸ்ட் வரும் ஸ்டெப்பில் அழுத்தக் கையைப் பழக்க வேண்டியதுதான். இன்னொரு வழியும் உண்டு: சீக்வென்சரைத் தொடாமல் சிந்தில் உள்ள டிரான்ஸ்போஸைப் பயன்படுத்துவது. அங்கே போய்ச் சேரும் எண்கள் மாறுவதில்லை என்பதால், சிந்த் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் ஜோடி பிரியாது.

ஏற்கெனவே தொங்கிவிட்ட நோட்டை நிறுத்த ஸ்டாப்பை இரண்டு தடவை அழுத்துங்கள், பல சீக்வென்சர்களில் அது பேனிக்காக (எல்லாவற்றையும் நிறுத்தும் அவசரக் கட்டளையாக) வேலை செய்யும். அது அனுப்புவது பெரும்பாலும் சிசி (மிடியின் கட்டுப்பாட்டுச் செய்தி) 123, அதாவது எல்லா நோட்டும் நிறுத்து. சில சிந்துகள் இதைக் கண்டுகொள்ளாது. அப்போது சிசி 120 அனுப்பிப் பாருங்கள், அது ரிலீஸைக்கூடப் பார்க்காமல் ஒலியை வெட்டும். சஸ்டெயின் பெடல் அழுத்திய நிலையில் மாட்டியிருந்தாலும் இதே மாதிரி இழுக்கும் என்பதால், சிசி 64-க்கு 0 அனுப்பிவிடுவது நல்லது.

டிரான்ஸ்போஸ் ஆகிறது, ஆனால் தவறான சுருதிக்குப் போகிறது

எவ்வளவு தவறு என்று எண்ணுங்கள். எண்ணிக்கையே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக 12 செமிடோன், அதாவது ஒரு ஸ்தாயி தள்ளி இருந்தால் அது பெயர்ச் சண்டை. 60-ஆம் நோட்டை யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. ஒரு கையேட்டைப் படித்து இன்னொரு கருவியில் பதிவு செய்தால் ஒரு ஸ்தாயி தப்பும். எழுத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

கேட்டதைப் போல இரண்டு மடங்கு ஏறினால் (5 கேட்டு 10 கிடைத்தால்) இரண்டு இடத்தில் டிரான்ஸ்போஸ் நடக்கிறது. கீபோர்டிலிருந்து வரும் டிரான்ஸ்போஸ் செய்தியை சீக்வென்சர் பேட்டர்னுக்கும் எடுத்துக்கொள்ளும், டிராக்குக்கும் எடுத்துக்கொள்ளும். ஒன்றைப் பூஜ்யமாக்குங்கள்.

கீபோர்டில் ஒரு கீயை அழுத்தி டிரான்ஸ்போஸ் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. எந்தக் கீ "மாற்றமில்லை" என்று பொருள்படும்? பல கருவிகளில் அது ஒரு சி. உங்கள் பேட்டர்ன் ஏ-யில் இருந்தால், டி-க்குப் போக டி-யை அழுத்தக்கூடாது. ஏ-யிலிருந்து டி 5 செமிடோன் மேலே, எனவே சி-யிலிருந்து 5 மேலே உள்ள எஃப்-ஐ அழுத்த வேண்டும். டி-யை அழுத்தினால் பேட்டர்ன் 2 செமிடோன் ஏறி பி-யில் போய் நிற்கும். தலை சுற்றுகிறதா? எல்லா பேட்டர்னையும் சி-யில் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் எந்தக் கீயை அழுத்துகிறீர்களோ அதுதான் சுருதி. நான் அப்படித்தான் செய்கிறேன், சோம்பேறித்தனம்தான், ஆனால் ஓடும்போது கணக்குப் போட வேண்டியதில்லை.

சில நோட்டுகள் சரி, சில நோட்டுகள் மட்டும் ஒரு செமிடோன் தப்பு என்றால் ஸ்கேல் குவாண்டைஸ் (எல்லா நோட்டையும் ஒரு ஸ்கேலுக்குள் இழுக்கும் வசதி) ஓடுகிறது. சி மேஜர் ஸ்கேல் போட்டு 2 செமிடோன் ஏற்றினால், ஈ என்பது எஃப் ஷார்ப் ஆக வேண்டும். சி மேஜரில் அது இல்லை, அதனால் கருவி அதைப் பிடித்து எஃப்-இலோ ஜி-யிலோ உட்காரவைக்கும். ஸ்கேலை குரோமாட்டிக் (பன்னிரண்டு சுருதியும் உள்ளது) ஆக்குங்கள், அல்லது டிரான்ஸ்போஸோடு ஸ்கேலின் ஆதார சுருதியும் சேர்ந்து நகர்கிறதா என்று பாருங்கள்.

மிக உயரத்தில் மட்டும் குழப்பம் என்றால் வரம்பு முட்டுகிறது. மிடி நோட் எண் 0 முதல் 127 வரைதான். தாண்டும் நோட்டை ஒரு கருவி அனுப்பாமல் விடும், இன்னொன்று ஒரு ஸ்தாயி மடக்கும், மூன்றாவது 127-இலேயே நிறுத்தும். அப்படி 127-இல் நிறுத்தும்போது இரண்டு வெவ்வேறு நோட்டுகள் ஒரே எண்ணாகி, ஒன்றின் நோட் ஆஃப் மற்றதையும் கொன்றுவிடும்.

டிரான்ஸ்போஸ் செய்ததும் டிரம் மாறிப்போகிறது

டிரம் டிராக்கும் சேர்ந்து ஏறிவிட்டது. ஜெனரல் மிடி வரிசையில் 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர். 2 செமிடோன் ஏற்றினால் பேஸ் டிரம் விழ வேண்டிய இடமெல்லாம் ஸ்னேர் விழும். டிரம் டிராக்கை டிரான்ஸ்போஸிலிருந்து விலக்கும் அமைப்பு பெரும்பாலான கருவிகளில் உண்டு.

டிரான்ஸ்போஸ் கீயை அழுத்தினால் அந்தக் கீயும் சேர்ந்து ஒலிக்கிறது

கீபோர்டும் டிராக்கும் ஒரே மிடி சேனலில் இருக்கின்றன. டிரான்ஸ்போஸுக்கென்று தனிச் சேனல் ஒதுக்கி, அந்தச் சேனலை எந்த சிந்தும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டை சேர்த்ததும் மெட்டு முழுவதும் நழுவுகிறது

முதல் நான்கு ஸ்டெப் சரி, டை சேர்த்த இடத்துக்கு அப்புறம் எல்லா நோட்டும் ஒரு இடம் தள்ளிப்போகிறது. இது சுருதியையும் தாளத்தையும் தனித்தனி வரிசையாகப் பதியும் கருவிகளில் வரும். டிபி-303-இன் முறை இது: சுருதி முறையில் நோட்டுகளை மட்டும் வரிசையாக அடிப்பீர்கள், தாள முறையில் நோட், டை, ரெஸ்ட் என்று அடிப்பீர்கள். தாள வரிசையில் நோட் என்று வரும் இடத்தில் மட்டுமே சுருதி வரிசையிலிருந்து ஒன்று எடுக்கப்படும். டையும் ரெஸ்ட்டும் எதையும் எடுக்காது.

ஒரு சின்ன உதாரணம். தாளம்: நோட், நோட், நோட், நோட். சுருதி: சி, ஈ, ஜி, ஏ. இரண்டாவதை டை ஆக்கினால் சி நீண்டு, பிறகு ஜி, ஏ என்று வரும் என எதிர்பார்ப்போம். உண்மையில் வருவது நீண்ட சி, பிறகு ஈ, ஜி. ஏ வெளியே நிற்கும். டை போடும்போது அந்த இடத்துச் சுருதியையும் வரிசையிலிருந்து நீக்க வேண்டும். எழுதும் முன் காகிதத்தில் இரண்டு வரிசையையும் எழுதி, நோட் எண்ணிக்கையும் சுருதி எண்ணிக்கையும் சமமா என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கீயை அழுத்தி ஸ்டெப் ஸ்டெப்பாகப் பதியும் கருவிகளில் வேறு விதம். கீயை விட்டதும் ஸ்டெப் நகர்ந்துவிடும். அதனால் கீயைப் பிடித்தபடியே டை பட்டனை அழுத்த வேண்டியதா, விட்டபின் அழுத்த வேண்டியதா என்பது கருவிக்குக் கருவி மாறும். வெற்று பேட்டர்னில் இரண்டு விதத்தையும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

சிவியில் டிரான்ஸ்போஸ் செய்தால் சுருதி பிசகுகிறது

சிவி என்பது மிடி எண்ணுக்குப் பதில் மின்னழுத்தத்தால் சுருதியைச் சொல்லும் முறை. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) என்ற முறையில் ஒரு செமிடோன் என்பது 83.3 மில்லிவோல்ட். சீக்வென்சரில் +12 கொடுத்து மல்டிமீட்டரில் பாருங்கள், சரியாக 1 வோல்ட் ஏற வேண்டும். 0.98 மட்டும் ஏறினால் ஏறக்குறைய கால் செமிடோன் குறைகிறது, சீக்வென்சரின் அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும். 1 வோல்ட் சரியாக ஏறியும் ஆக்டேவ் கேட்கவில்லை என்றால் ஆஸிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் பகுதி) பக்கம் போங்கள். ஆக்டேவ் கொஞ்சமாகத் தப்பாமல் தாறுமாறாகத் தப்பினால், கோர்க் எம்எஸ்-20 போன்ற ஹெர்ட்ஸ் பர் வோல்ட் கருவியோடு இணைத்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் வோல்டேஜ் இரண்டு மடங்காக வேண்டும், எனவே ஒரே அளவு கூட்டினால் எல்லா நோட்டும் ஒரே அளவு ஏறாது. சீக்வென்சரில் அதற்கான முறையை மாற்றுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு மாற்றி வேண்டும்.

டை சரியா என்று சிவியில் பார்க்க கேட் விளக்கே போதும் (இங்கே கேட் என்பது நோட் ஒலிக்கும் வரை மேலே நிற்கும் மின்னழுத்தம்). டை ஓடும் இரண்டு ஸ்டெப்பிலும் அணையாமல் எரிய வேண்டும். எல்லையில் லேசாகக் கண் சிமிட்டினாலும் கேட் விழுந்து எழுகிறது, என்வெலப் மறுபடி தட்டத்தான் செய்யும். நோட் முடிந்து ஒலி அடங்கும் வாலில் சுருதி தாவினால் அது டிரான்ஸ்போஸ் உடனே அமலாவதால் வருவது: கேட் போய்விட்டது, ஆனால் சுருதி வோல்டேஜ் ஆஸிலேட்டரில் இன்னும் இருக்கிறது. ரிலீஸைக் குறையுங்கள், அல்லது கேட் சிக்னலால் இயங்கும் ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டை (வோல்டேஜைப் பிடித்துவைக்கும் சுற்றை) நடுவில் வையுங்கள்.

முதல் சுற்றில் மட்டும் முதல் ஸ்டெப் மௌனம்

முதல் ஸ்டெப்பில் டை இருக்கிறது. லூப் சுற்றும்போது அது கடைசி ஸ்டெப்பின் நோட்டை இழுத்துவரும், அதனால் இரண்டாவது சுற்றிலிருந்து நன்றாகக் கேட்கும். ஆனால் ப்ளே அழுத்திய கணத்தில் இழுத்துவர முந்தைய நோட் ஏது? வேறு பேட்டர்னிலிருந்து இதற்குத் தாவினாலும் சில கருவிகள் டையை எல்லையில் வெட்டிவிடும். அந்த நீண்ட நோட்டை லூப்பின் நடுவில் வரும்படி பேட்டர்னை இரண்டு ஸ்டெப் சுழற்றிப் போடுங்கள், மற்ற டிராக்குகளையும் அதே அளவு சுழற்ற மறக்காதீர்கள்.